ஸ்டேஷன் மாஸ்டர் அறை ஜன்னல்

இந்தக் கம்பியும் கோணிக்கொண்டுதான் போய் ஒட்டியது. சனியன் என்று புனிதவதி சொன்னது மனசுக்குள்ளேயா வாய்விட்டா என்று அவளுக்கே தெரியவில்லை, வாய்விட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும், அடுத்த அறையில் சிதம்பரநாதன் செய்தித்தாளை மடக்குகிற சத்தம் கேட்டது, மடக்கினால் எழுந்து வருவார், வந்தால் நிற்பார், நின்றால் பேசுவார், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மனுஷர்கள் கொஞ்சம் தூங்கமாட்டார்களா, பாளையங்கோட்டையே தூங்குகிறது, இவர் ஒருத்தருக்குத்தான் தூக்கம் கிடையாது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இடுக்கியின் நுனியால் கம்பியை நிமிர்த்தப் பார்த்தாள். கம்பி என்றால் என்ன கம்பி, மின்சார ஒயரின் தோலை உரித்து உள்ளே இருக்கிற செம்பு இழைகளில் ஒன்றை உருவி, இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்து உருட்டி நேராக்கி நறுக்கியது, தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். அதைக் கட்டைவிரல் நகம் அளவுக்கு அட்டையில் வெட்டிய ஒரு சட்டத்துக்குள் செங்குத்தாக நிறுத்த வேண்டும், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, எல்லாம் ஒரே இடைவெளியில். வேலாங்குளம் ஸ்டேஷன் மாஸ்டர் அறையின் ஜன்னல் அது. வேலாங்குளம் என்று ஒரு ஊர் எந்தப் பாதையிலும் கிடையாது, அவளாக வைத்த பெயர், இந்த அறையின் மூன்று சுவரை ஒட்டிப் போட்ட பலகையில் ஓடுகிற பொம்மை ரயில் நின்று போவதற்கு ஒரு ஸ்டேஷன் வேண்டுமே என்று அவளாகக் கட்டிக்கொண்டிருக்கிற ஊர், நிஜத்தை எண்பத்தேழு பங்காகப் போட்டு அதில் ஒரு பங்கு. நிமிர்த்தப் போன கம்பி நிமிரவில்லை, பக்கத்தில் காலையில் ஒழுங்காக நின்ற கம்பியையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தது. பசை சரியில்லை. போன வாரம் வாங்கினதுதான், ஆனாலும் இந்தப் புழுக்கத்தில் எந்தப் பசைதான் சரியாக இருக்கும், பாட்டிலைத் திறந்த உடனே நூல் விடுகிறது, இல்லை அட்டைதான் ஈரம் இழுத்திருக்கிறது, இல்லை இந்த விளக்கு, இடது பக்கம் நிழல் விழுகிற மாதிரி யார் இதைத் திருப்பி வைத்தது, வேலைக்காரியிடம் இந்த அறைக்குள் துடைப்பத்தோடு வரவே வராதே என்று எத்தனை தடவை சொல்வது.

"யார வையுத?" என்று கேட்டுக்கொண்டே வந்துவிட்டார். வந்த கையோடு மின்விசிறியைப் போட்டார். ஜன்னல் சட்டத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நறுக்கி வைத்திருந்த செம்பு இழை எல்லாம் பறந்தன. "ஐயோ, அணைங்க, அணைங்கங்க!" என்று அவள் இரண்டு கையையும் விரித்து மேஜைமேல் கவிழ்ந்தாள். அணைத்தார். "வேத்து ஊத்துதே உனக்கு, அதாம் போட்டேன்" என்றார், கல்லூரியில் முப்பது வருஷம் வேதியியல் நடத்தின மனுஷர், எந்தப் பொருளை எந்தப் பொருளோடு சேர்த்தால் என்ன ஆகும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவர், காற்றையும் செம்பு இழையையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று தெரியாது. குனிந்து ஸ்டேஷனைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு பார்ப்பார், அதுவும் அவளுக்குப் பிடிக்காது, கண் டாக்டர் வீட்டில் ஒருத்தர் கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு பார்க்கலாமா. "நல்லாத்தான இருக்கு, லேசா சாஞ்சா என்ன, நெசமான ஸ்டேஷன்லகூட கம்பி சாஞ்சுதாம் இருக்கும்" என்றார். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, பேசாம இருங்க" என்றாள். "ஒரு ஆள்கூட இல்லியே உன் ஸ்டேஷன்ல, ரயிலு யாருக்காக நிக்கி?" என்றார். இதை அவர் ஒவ்வொரு வாரமும் கேட்கிறார், அவள் ஒவ்வொரு வாரமும் பதில் சொல்வதில்லை. மனுஷர்களை வைத்தால் அசையாமல் நிற்பார்கள், அசையாமல் நிற்கிற மனுஷர்களைப் பார்த்தாலே அவளுக்கு ஆகாது, மயக்க மருந்து ஞாபகம் வரும், இதை எல்லாம் இவருக்கு எப்படி விளக்குவது. சாயங்காலம் அவருடைய கூட்டாளி வீட்டு வரவேற்புக்குப் போக வேண்டும், எந்தச் சட்டை போட்டுக்கொள்வது என்று கேட்டார், நீலம் என்றாள், நீலம் சலவைக்குப் போயிருக்கிறது என்றார், அப்புறம் என்னத்துக்குக் கேட்கிறீர்கள் என்றாள். வாசல் வரை போனவர் திரும்பி, "இத அப்புறம் பாத்துக்கிடலாம், செத்த நேரம் படுத்து எந்திரி புனிதா, நாளைக்கு உனக்கு ஆபரேஷன் இருக்குல்லா" என்றார். போய்விட்டார். அவர் போனது அவளுக்குத் தெரிந்தது, ஆனால் அந்த வார்த்தை போகவில்லை, நாளைக்கு உனக்கு ஆபரேஷன் இருக்குல்லா, இருக்கிறது, இல்லை என்று யார் சொன்னது, ஆபரேஷன் இல்லாத திங்கட்கிழமை அவளுக்கு என்றைக்கு இருந்திருக்கிறது.

காபிதான். காலையில் இரண்டு தடவை குடித்தது தப்பு, இனிமேல் ஒரு தடவை. இப்படி அவள் ஆடி மாதத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள், நடுவில் கொஞ்ச நாள் காபியையே விட்டும் பார்த்தாள், தலைவலிதான் மிச்சம், சிதம்பரநாதன் அவளுக்குப் போட்ட காபியை எல்லாம் தானே குடித்துவிட்டு இரவெல்லாம் கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். காபி இல்லை என்றால் தூக்கம். தூக்கம் சரியில்லை. தூக்கம் சரியில்லாவிட்டால் யாருக்கும் கை அப்படித்தான் இருக்கும், மைக்ராஸ்கோப்புக்கு அடியில் எல்லாமே பெரிதாகத் தெரியும், ஒரு இமை முடி தென்னங்கீற்று மாதிரி தெரியும், அப்படியிருக்க ஒரு கருவியின் நுனி ஒரு துளி அசைந்தால் அது பூகம்பம் மாதிரிதானே தெரியும். வியாழக்கிழமை அசைந்தது ஆபரேஷன் மேஜை. அவள் கால் மிதிகட்டையில் பட்டு மேஜை அசைந்திருக்கும். லென்ஸின் மேலே இருக்கிற மெல்லிய தோலை வட்டமாகக் கிழித்து எடுக்கிற நேரம், வெங்காயத்தின் உள்தோலைவிட மெல்லியது, பாதி வட்டம் வந்தாயிற்று, அப்போது நுனி ஒரு தடவை, இல்லை, இரண்டு மூன்று தடவை, பூனை மீசை துடிக்கிற மாதிரி. அவள் நிறுத்தினாள். மூச்சு விட்டாள். மறுபடி தொடங்கினாள், முடித்தாள், ஒரு கீறல் இல்லை, மறுநாள் கட்டுப் பிரித்தபோது அந்தக் கண்ணுக்குரிய பள்ளிக்கூட வாத்தியார் சுவர்க் கடிகாரத்தில் மணி பார்த்துச் சொன்னார், கும்பிட்டார். அப்புறம் என்ன. அப்புறம் ஒன்றும் இல்லை. ஆனால் லில்லி சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தை மூடின துணிக்கு மேலே கண் மட்டும், அவ்வளவு வருஷமாகப் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுக்கிறவள், எதற்கும் நிமிரமாட்டாள், கரண்ட் போனால்கூட நிமிரமாட்டாள். என்ன பார்வை அது. பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாளே, ஏதாவது கேட்டிருந்தால் புனிதவதி மேஜை ஆடியது என்று சொல்லியிருப்பாள், மெக்கானிக்கைக் கூப்பிடச் சொல்லியிருப்பாள். கேட்காமல் குனிந்துகொண்டால் அதற்கு என்ன பதில் சொல்வது. சரி, இப்போது இந்த மேஜை ஆடுகிறதா. தேக்கு. நாலு கால். அவளே அடியில் அட்டை வைத்து மட்டம் பார்த்தது. புனிதவதி மேஜையைப் பிடித்து உலுக்கினாள். ஆடவில்லை. ஆடியிருக்கலாம் என்று அவளுக்குக் கோபமாக வந்தது.

சாய்ந்த கம்பி இரண்டையும் பிளேடு நுனியால் பெயர்த்து எடுத்தாள், அறுவை அரங்கில் பழசாகிப் போன பிளேடு, தூர எறிவதை எல்லாம் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள், தேதி போன தையல் நூல்தான் இங்கே தந்திக் கம்பி. ஒரு கருத்தரங்குக்கு ஜெர்மனி போன இடத்தில், மற்றவர்கள் எல்லாம் சாக்லேட்டும் வாசனைத் தைலமும் வாங்கிக்கொண்டிருக்க, இவள் ஒரு பொம்மைக் கடைக்குள் போய் ஒரு எஞ்சினும் கொஞ்சம் தண்டவாளமும் வாங்கினாள், ஏன் வாங்கினாள் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள், இன்றைக்கும் தெரியாது. கட்டடங்களும் அங்கே பெட்டி பெட்டியாக விற்றார்கள், பிரித்து ஒட்டினால் போதும், ஆனால் எல்லாம் பனி கொட்டுகிற ஊர்க் கூரை, செங்குத்தாகச் சரிந்து, பால்கனியில் பூந்தொட்டி வைத்து. அதைக் கொண்டுவந்து இங்கே வைத்தால் யார் பார்ப்பது. தாமிரபரணிப் பக்கத்து ஸ்டேஷன் என்றால் ஓட்டுக் கூரை வேண்டும், காவிக் கரை போட்ட மஞ்சள் சுவர் வேண்டும், ஒரு வேப்பமரம், தண்ணித் தொட்டி, ரயில்வே கேட்டுக்காரர் வீட்டுக் கொடியில் ஒரு லுங்கி. எதுவும் விலைக்குக் கிடைக்காது, எல்லாம் அவளே செய்ய வேண்டும், அதுதான் பிடித்துப்போயிற்று. பிஸ்கட் பெட்டிக்குள் வருகிற நெளிவு அட்டை ஓடாயிற்று, பழைய எக்ஸ்ரே படத்தைக் கழுவினால் ஜன்னல் கண்ணாடி, காய்ந்த துளசிக் குச்சி வேப்பமரம். சரக்குக் கொட்டகை போன வருஷம் முடித்தது. அதிலும் ஜன்னல் இருக்கிறது, அதிலும் இதே கம்பிதான். அதை எட்டி எடுக்கக் கூடாது என்று அவள் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள், இப்போது எடுத்துவிட்டாள். லென்ஸை இறக்கிப் பார்த்தாள். கம்பிகள் சீப்புப் பல் மாதிரி நின்றன. ஒரே பசை, ஒரே செம்பு, இதே மேஜை, இதே விளக்கு. அதற்கு அப்புறம் செய்தது கேட்டுக்காரர் வீடு, அதன் ஓட்டு வரிசையைப் பார்த்தாள், அடியிலிருந்து மேலே ஒட்டிக்கொண்டு போவது, கீழ் வரிசை எல்லாம் ஒழுங்கு, மேலே போகப் போக ஓடுகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன, உச்சியில் குரங்கு ஓடிக் கலைத்துவிட்ட கூரைதான். அன்றைக்கு சிதம்பரநாதன் இதைப் பார்த்து, நெசக் கூரை மாதிரியே இருக்கு புனிதா, இப்பதாம் உனக்குக் கை வந்திருக்கு என்றார். அவளும் சிரித்தாள். என்ன சிரிப்பு.

அப்பாவுக்கு இருந்தது. இதை நினைக்காமல் இருக்கத்தான் பசையையும் அட்டையையும் விளக்கையும் திட்டிக்கொண்டிருந்தாள், இப்போது நினைத்தாயிற்று, இனி என்ன. அப்பா விருந்துக்குப் போவதை விட்டார். வீட்டில் சாப்பிடுவார், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தம்ளரைப் பாதிக்கு மேல் நிரப்பினால் கோபம் வரும். ஏன் கல்யாணத்துக்கு வரவில்லை என்று யார் கேட்டாலும் வயிறு சரியில்லை என்பார், சொந்தக்காரர்கள் எல்லாம் அவருக்குக் குடல் புண் என்று நம்பி ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள், அத்தனையும் வாங்கிக் குடித்தார். சாகிற வரை கை என்ற வார்த்தையை அவர் வாயால் சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்து இல்லாத நடுக்கம், குடும்பத்தில் வரும், சும்மா இருக்கும்போது இருக்காது, ஏதாவது செய்யப் போனால் வரும், புத்தகத்தில் ஒரு பக்கம்கூட இல்லை, பரீட்சைக்குப் படிக்கும்போது அவள் அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டியிருக்கிறாள். மாத்திரை இருக்கிறது. எத்தனையோ சர்ஜன்கள் காலையில் அதைப் போட்டுக்கொண்டுதான் அரங்குக்குள் போகிறார்கள், தப்பே இல்லை, ஆனால் இழுப்பு உள்ளவர்களுக்கு அது ஆகாது, அவளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே இழுப்பு. இழுப்புக்கு உறிஞ்சுகிற மருந்து, ஆமாம், அந்த மருந்தே கையை நடுங்க வைக்கும், அதுதானோ, அதுவாக இருக்கக் கூடாதா, ஒரு கணம் அவளுக்கு மனசு துள்ளியது, மழைக்காலத்துக்கு அப்புறம் அதைத் தொடவே இல்லை என்பது ஞாபகம் வரும் வரை. நல்ல மனுஷி நீ, நோயாளி இப்படி ஒவ்வொன்றாக அடுக்கினால் உனக்கு எவ்வளவு எரிச்சல் வரும், அம்மா நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்பாய்.

நாளைக்கு முதல் ஆள் வேறு யாராவதாக இருந்திருக்கலாம். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிற, வேளாவேளைக்கு மருந்து விடுகிற ஒரு பேங்க் மேனேஜராக இருந்திருக்கலாம். இசக்கியம்மாள். முக்கூடல்காரி, பீடி சுற்றுகிறவள், இடது கண் சின்ன வயதில் வேலமுள் குத்திப் போய்விட்டது, இருக்கிறது வலது கண் ஒன்றுதான், அதில் புரை முற்றிப் பழுத்துக் கிடக்கிறது. மூன்று தடவை வந்து மூன்று தடவையும் பயந்து ஓடிப்போனாள். நாலாவது தடவை புனிதவதிதான் அவளை எதிரே உட்கார வைத்து மணிக்கணக்காகப் பேசிச் சம்மதிக்க வைத்தாள். அப்போது அவள் ஒன்று கேட்டாள், "நீங்களே செய்யணும் டாக்டரம்மா, வேற ஆளு கைய வைக்கக் கூடாது, சத்தியமா சொல்லுங்க." நானே செய்வேன் என்று சொன்னாளே, அந்த வாயில் மண்ணைப் போட. மாசி மாதம் சொன்னது, அப்போதே கேட்டுக்காரர் வீட்டுக் கூரை பாதி ஏறியிருந்தது. இப்போது வார்டில் வந்து படுத்திருக்கிறாள், காலையிலேயே வந்துவிட்டாள் என்று சிஸ்டர் சொன்னாள். அவளுடைய கண்ணுக்குள் அந்தத் தோல் ஓரமாகக் கிழிந்து பின்னால் ஓடிவிட்டால். ஓடினால் லென்ஸ் உள்ளே விழும். விழுந்தால். இதுவரைக்கும் அப்படி ஆனதே இல்லையா என்ன, ஆகியிருக்கிறது, எல்லோருக்கும் ஆகும், சரி செய்யலாம், ஆனால் அப்போதெல்லாம் கை நன்றாக இருந்தது, கை நன்றாக இருந்தும் ஆனது வேறு, இது வேறு. செய்ய ஹசீனா இருக்கிறாள். மேலப்பாளையத்துப் பெண், நாலு வருஷமாகக் கூட வேலை செய்கிறாள், நல்ல கை. நல்ல கை என்று சொல்லும்போதே புனிதவதிக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. ஆபரேஷன் நடுவில் மூக்கால் பாட்டு முனகுவாள், எத்தனை தடவை சொல்லியாயிற்று, சரி மேடம் என்பாள், அடுத்த கண்ணுக்கு அடுத்த பாட்டு. வட்டம் கிழிப்பதைப் பாட்டின் நடுவிலேயே முடித்துவிடுவாள், காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி வரும், யார் சொல்லிக் கொடுத்தது, நான் சொல்லிக் கொடுத்தது, நான்தான் அந்த மணிக்கட்டைப் பிடித்து இப்படி ஊன்று என்று சொல்லிக் கொடுத்தேன், ஊன்றிக்கொண்டாள், நன்றாக ஊன்றிக்கொண்டாள்.

மிச்சம் கிடந்த அட்டையைத் திருப்பிப் போட்டு, பென்சிலை எடுத்தாள். கையை மேஜையில் ஊன்றாமல் தூக்கிப் பிடித்து, நடுவில் ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து சுற்றிச் சுற்றி வெளியே வர வேண்டும், நரம்பு டாக்டர்கள் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான், ஒரு நிமிஷ வேலை, எட்டு மாதமாக அவள் செய்யாமல் இருந்த ஒரு நிமிஷ வேலை. போட்டாள். கோடு முழுக்க ரம்பப் பல் விழுந்திருந்தது. அதற்குள் அவர் வந்துவிட்டார், வெள்ளைச் சட்டை போட்டுப் பொத்தான்கூடப் போடவில்லை, "என்ன ஜிலேபி போடுதியா?" என்றார். புனிதவதிக்கு அழுகை வந்திருக்க வேண்டும், எரிச்சல்தான் வந்தது. "நீங்க ஒண்ணு போடுங்க" என்று பென்சிலை நீட்டினாள். "நானா?" "கேள்வி கேக்காம போடுங்கங்க. கைய ஊணக் கூடாது." அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டார். வட்டமே இல்லை அது, ஒரு பக்கம் வீங்கி இன்னொரு பக்கம் ஒட்டிப்போன பூசணிக்காய், சின்னப் பிள்ளைகூட இதைவிட நன்றாகப் போடும். ஆனால் கோடு வழுவழுவென்று போயிற்று, தண்ணீர் போகிற மாதிரி, எங்கும் ஒரு பல் இல்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அவர் தன்னுடையதைப் பார்த்தார், அவளுடையதைப் பார்த்தார், மறுபடி தன்னுடையதைப் பார்த்தார். வேதியியல் படித்தவர், இரண்டு குழாயைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பழகினவர். "எப்பலேருந்து?" என்றார். "ஆடியிலேருந்து. முன்னாலகூட இருக்கும்." "மாமாவுக்கு இருந்தது மாதிரியா?" அப்பாவுக்கு இருந்தது இவருக்குத் தெரிந்திருக்கிறது. குடல் புண் என்று நம்பினவர்களில் இவர் இல்லை. இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அவரைத் திட்ட வாயெடுத்தாள், தான் மட்டும் என்ன சொல்லிவிட்டோம் என்று அதற்குள் தோன்றிவிட்டது, திட்டு பாதியில் நின்றது. "என் போனு எங்க?" என்றாள்.

ஹசீனா முதல் மணியிலேயே எடுத்தாள், பின்னால் குக்கர் விசில். "சொல்லுங்க மேடம்." "நாளைக்கு என் கேஸ் எல்லாம் நீ பாரு." "எல்லாமேவா மேடம்?" "எல்லாமே. முதல் கேஸ் ஒத்தைக் கண்ணு, இசக்கியம்மாள், புரை ரொம்பக் கெட்டி, சாயம் போட்டுட்டு வட்டம் கிழி, அவசரப்படாத." "சரி மேடம்." ஏன் என்று கேட்பாள் என்று புனிதவதி காத்திருந்தாள், கேட்கவில்லை, கேட்காதது லில்லி சிஸ்டரின் குனிந்த தலை மாதிரி இருந்தது, ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்திருக்கிறது, எல்லோரும் சேர்ந்துகொண்டு அவளுக்கு மரியாதை பண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள். "ஏன்னு கேளேன்" என்றாள், குரல் உயர்ந்துவிட்டது. ஹசீனா குக்கரை அணைத்திருக்க வேண்டும், சத்தம் நின்றது. "நீங்களா சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன் மேடம். ஒவ்வொரு கேஸ் அன்னைக்கும் பக்கத்துலயே நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்." ஆமாம், நின்றாள். கொஞ்ச நாளாகத் தன் வேலை முடிந்தும் போகாமல் அரங்கிலேயே சுற்றிக்கொண்டிருந்தாள், வீட்டுக்குப் போனால் என்ன இந்தப் பெண்ணுக்கு என்று புனிதவதி எரிந்து விழுந்திருக்கிறாள். "நாளைக்கு மட்டுமா மேடம்?" என்றாள் ஹசீனா, மெதுவாக. நாளைக்கு மட்டும் என்று சொல்லிவிடலாம், வாய் அதற்குத் தயாராகவே இருந்தது. "இல்ல" என்றாள் புனிதவதி. "நரம்பு டாக்டர் ஒருத்தரப் பாக்கப் போறேன். அவர் என்ன சொன்னாலும் இனிமே உள்ள வந்து நான் கத்தியத் தொடல. மத்தத எல்லாம் அப்புறம் பேசுவோம், நீ சோத்தைப் பாரு." போனை வைத்ததும் காது சூடாக இருந்தது. இவ்வளவுதானா, எட்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது ஒரு குக்கர் அணைகிற நேரத்தில் முடிந்துவிட்டதா. முப்பது வருஷம் அதற்குள் போய்விட்டதா. யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது, அறைய ஆளில்லை, சிதம்பரநாதன் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், பொத்தான்கள் எல்லாம் ஒரு துளை தள்ளி மாறிப் போயிருந்தன, அவரை எப்படி அறைவது.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. காலையில் போய் இசக்கியம்மாளிடம் நேரில் சொல்லலாம். ஆனால் அதற்குள் யாராவது சொல்லிவிடுவார்கள், சொன்னால் அவள் பையைத் தூக்கிக்கொண்டு முக்கூடல் பஸ் ஏறிவிடுவாள், அடுத்த தடவை வருவதற்குள் அந்தக் கண்ணும் அவிந்துபோகும். வார்டு சிஸ்டரைக் கூப்பிட்டு போனை இசக்கியம்மாளிடம் கொடுக்கச் சொன்னாள். செருப்புச் சத்தம், யாரோ இருமுகிறார்கள், அப்புறம் ரொம்பப் பக்கத்தில் ஒரு குரல், போனில் பேசிப் பழக்கமில்லாதவர்கள் பேசுகிற மாதிரி உரக்க, "டாக்டரம்மாவா? நாந்தாம் பேசுதேன்." "இசக்கியம்மா, நாளைக்கு உங்களுக்கு நான் ஆபரேஷன் பண்ணல. ஹசீனா டாக்டர் பண்ணுவாங்க." "ஏன், ஊருக்குப் போறியளா?" என்றாள் இசக்கியம்மாள். ஆமாம் என்று சொன்னால் முடிந்தது, ஊருக்குப் போகிறேன், அவசரம், உடம்பு சரியில்லை, வயிறு சரியில்லை. அவள் கதவைத் திறந்தே வைத்துவிட்டாள், நுழைந்து போக வேண்டியதுதான். "இல்ல" என்றாள் புனிதவதி. "எனக்குக் கை நடுங்குது." சொல்லிவிட்டாள், யாரிடமும் இந்த மூன்று வார்த்தையாக அவள் இதுவரை சொன்னதில்லை, புருஷனிடம்கூட ஒரு கோட்டைப் போட்டுத்தான் காட்டினாள். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?" என்றாள் இசக்கியம்மாள். கோபமாகத்தான் இருந்தது குரல், ஏமாந்துபோன ஒருத்தியின் கோபம். "சொல்லியிருக்கலாம்." "நீங்க செய்வேன்னு சொன்னதுனாலதான் எம் மகன்ட்ட சண்ட போட்டுட்டு வந்தேன்." "தெரியும்." "அந்தப் பொண்ணுக்குக் கை எப்படி?" புனிதவதி கண்ணை மூடிக்கொண்டாள். "என் கைய விட நல்ல கை. எனக்குக் கை நல்லா இருந்தப்பவும் அவ கை அளவுக்கு வராது." அது நிஜம், இதற்கு முன் அவள் தனக்கே சொல்லிக்கொள்ளாத நிஜம். இசக்கியம்மாள் யோசிக்கிறாள், யோசிக்கிறாள், பக்கத்துக் கட்டில்காரி என்ன என்ன என்று கேட்பது போனில் கேட்கிறது, அவளிடம் இவள் சும்மா இரு என்று சொல்வதும் கேட்கிறது.

"அப்ப நீங்க வருவியளா, மாட்டியளா?" என்று கேட்டாள் கடைசியில்.

"வருவேன்."

"எம் பக்கத்துல நிக்கணும். முடியுத வரைக்கும் எங் கையப் புடிச்சுக்கிட்டு நிப்பியளா?"

"நிப்பேன். ஆனா நடுங்கும் இசக்கியம்மா."

"நடுங்குனா நடுங்கட்டும். எனக்கு மட்டும் நடுங்காமயா கெடக்கப் போவுது?"

புனிதவதி சரி என்றாள். சரி, சரி என்று அப்புறமும் சொல்லிக்கொண்டே இருந்தாள், அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டது தெரியாமலேயே.